கோயம்புத்தூர்க்காரன் செய்ததை நம்மால் ஏன் செய்ய முடியவில்லை?

பிறை மணியம்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற கேள்வி. 1972-ல் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஃப்ரீ டிரேட் ஸோன் (ஏற்றுமதி ஃபேக்டரிகளுக்கான வரிச்சலுகை வட்டாரம்) திறந்தார்கள், இன்டெல் வந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நம் மலேசியத் தமிழர்களில் எத்தனை பேர் சொந்தமாக ஒரு லேத் (இரும்பு கடையும் மெஷின்) போட்டு உட்கார்ந்திருக்கிறோம்? கோயம்புத்தூரைப் பாருங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு ஷெட், உள்ளே இரண்டு மூன்று மெஷின். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கரண்ட் மோட்டார் செய்து காட்டினார்கள், 1955-ல் சபாபதி வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார், இன்றைக்கு அந்தக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. யாரும் வந்து ஊட்டிவிடாமல் வளர்ந்த ஊர். நாம் மட்டும் ஏன் சம்பளச் சீட்டுக்கே பழகிப்போனோம்?

பாயான் பாரு தேவி:
மணியம் அண்ணே, சம்பளச் சீட்டு என்ன அவ்வளவு கேவலமா? அதில்தான் இபிஎஃப் என்ற சேமநிதி இருக்கிறது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவின் மகள் நான், ஃபேக்டரி சம்பளத்தில்தான் வீடு வாங்கினேன். நீங்கள் புகழ்கிற அந்த ஷெட்டில் ஒருவனுக்கு விரல் போனால் யார் பார்ப்பார்கள்? அதோடு இங்கே ஒன்றுமே முளைக்கவில்லை என்பதும் சரியில்லை. இங்கே புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவிகள்) செய்கிற சின்னக் கம்பெனிகளை யார் தொடங்கினார்கள் என்று விசாரியுங்கள், நிறையப் பேர் பெரிய ஃபேக்டரியில் தொழில் கற்று வெளியே வந்தவர்கள். 1989-ல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது எதற்காக?

பிறை மணியம்:
தேவி, தொடங்கியவர்கள் யார் என்று விசாரிக்கத்தான் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் நம் பெயர் எத்தனை?

கணபதி கார்த்தி:
நான் கணபதிக்காரன், இங்கே வந்து ஃபேக்டரி வேலை பார்க்கிறேன், அப்பாவுக்கு ஊரில் இரண்டு லேத். மணியம் அண்ணா, "யாரும் ஊட்டிவிடவில்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாதுங்க. 1888-ல் அங்கே முதல் மில்லைத் தொடங்கியது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர். மில் இருந்தால் பாகம் தேயும், உடையும், அதைச் சரிசெய்ய ஒரு பட்டறை வேண்டும், அப்படித்தான் ஆரம்பம். 1930-களில் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்தது. வறண்ட பூமி, கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, தண்ணீர் இறைக்கப் பம்பு இல்லாமல் விவசாயம் இல்லை. வாங்க ஆள் வாசலிலேயே நின்றான்.

இன்றைக்கும் ஒரு பம்பு ஒரே கூரையின் கீழ் பிறப்பது குறைவு. ஃபவுண்டரியில் வார்த்த பாடி எங்கள் ஷெட்டுக்கு டிவிஎஸ் மொபெட்டில் வரும், அப்பா அதன் முகத்தைச் சீவி (ஃபேஸிங்), துளையைக் கடைந்து (போர்) அனுப்புவார், ஷாஃப்ட் கிரைண்டிங் இரண்டு தெரு தள்ளி, காயில் கட்டுவது இன்னொரு வீட்டில் பெண்கள். கடைசியில் பெயர்ப்பலகை ஒட்டுகிறவர் வேறு ஒருவர். லாபத்தில் பெரும்பங்கு அவருக்குத்தான், சொல்லவே வேண்டாம்.

தேவி அக்கா கேட்டதும் நியாயம். பத்துப் பேருக்குக் குறைவான ஷெட்டில் இஎஸ்ஐ (உங்கள் சொக்சோ மாதிரி) கட்டாயமில்லை, விரல் போனால் முதலாளி மனசு பார்த்துக் கொடுப்பதுதான். 2008-க்கு அப்புறம் சில வருஷம் பவர்கட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து மெஷின் ஓட்டியிருக்கிறோம். ஜிஎஸ்டி வந்தபோது ஜாப் ஒர்க்குக்கு, அதாவது அடுத்தவர் பொருளுக்கு நாங்கள் செய்துதரும் வேலைக்கு, 18 சதவீத வரி, கத்திக் கதறி 2019-ல் 12 ஆனது. 2022-ல் கிரைண்டர் வரியை 5-லிருந்து ஒரே தாவலில் 18 ஆக்கினார்கள், அதே வருஷம் மின்சார நிலைக்கட்டணமும் ஏறியது, மெஷின் ஓடாமல் நின்றாலும் கட்ட வேண்டும். வேலை கொடுத்தவர் சின்னப் பட்டறைக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது.

பிறை மணியம்:
தம்பி, இவ்வளவு அடி வாங்கியும் அந்த ஊர் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். 2001-ல் எலெக்ட்ரானிக்ஸ் சரிந்தபோது இங்கே ஆட்குறைப்பு நடந்தது, வெளியே வந்தவன் கையில் அந்த ஒரு கம்பெனியின் ஒரு மெஷினை ஓட்டத் தெரிந்த அனுபவம் மட்டும்தான். உன் அப்பாவுக்கு ஒரு பார்ட்டி போனால் இன்னொரு பார்ட்டி.

ஜெலுத்தோங் சாமி:
எல்லாரும் கரண்ட், வரி என்று பேசுகிறீர்கள், இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கார்த்தி, உங்கள் ஷெட் யார் நிலத்தில் இருக்கிறது?

கணபதி கார்த்தி:
சொந்த இடம்தான் ஐயா. தாத்தாவின் மாட்டுக் கொட்டகை. தண்ணீர்த் தொட்டி இருந்த மூலையில்தான் பெரிய லேத் நிற்கிறது.

ஜெலுத்தோங் சாமி:
அவ்வளவுதான் விஷயம். ரப்பர் தோட்டத்தைத் துண்டாடியபோதும் விற்றபோதும் நம் ஜனம் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) காலிசெய்து வெளியே வந்தது, கையில் ஒரு அடி நிலம் கிடையாது. அடமானம் வைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு எந்த பேங்க் மெஷின் லோன் கொடுக்கும்? அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் லேத் போடச் சொல்கிறீர்களா மணியம்? அங்கேயும் நிலம் இல்லாதவன் மெஷின் முன்னால் கூலிக்குத்தான் நிற்பான்.

பிறை மணியம்:
ஐயா, நான் வாடகை இடத்தில், செகண்ட் ஹேண்ட் மில்லிங் மெஷினோடுதான் தொடங்கினேன். நிலம் இல்லை, நிலம் இல்லை என்றே இன்னும் ஒரு தலைமுறை போக வேண்டுமா?

பாயான் பாரு தேவி:
தொடங்கினீர்கள், சந்தோஷம். உங்கள் பையன் வருகிறானா? கார்த்தியையே கேளுங்கள். ஏன் தம்பி, அவ்வளவு நல்ல ஊர் என்றால் நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?

கணபதி கார்த்தி:
சம்பளம் மாதா மாதம் தேதி தவறாமல் வருகிறது அக்கா.

பாயான் பாரு தேவி:
கேட்டீர்களா மணியம் அண்ணே?

பிறை மணியம்:
கேட்டேன். தம்பி, அப்பா லேத்தை விற்றுவிட்டாரா?

கணபதி கார்த்தி:
எங்கே விற்பது அண்ணா, புதிதாக ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) வேறு போட்டிருக்கிறார். தவணையில் பாதி நான் இங்கிருந்து அனுப்புகிற வெள்ளியில் (ரிங்கிட்டில்)தான் போகிறது.