சப்ளிமெண்டுக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

காரைக்குடியிலிருந்து, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். அவசரம். இங்கே நடக்கும் இதயநல முகாமுக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மீனாகச் சாப்பிடுவது மேலா, மீன் எண்ணெயை மாத்திரையாக விழுங்குவது மேலா என்பதுதான் விஷயம். எழுதி முடித்துவிட்டேன். 'ஃபிஷ் ஆயில் சப்ளிமெண்ட்' வரும் ஒன்பது இடங்களில் மட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 'இணை உணவு' என்றால் அங்கன்வாடி சத்துமாவுதான் நினைவுக்கு வரும். 'மாற்றுணவு' என்றால் மீனை விட்டுவிட்டு இதை விழுங்கு என்று ஆகிவிடும், துண்டறிக்கை சொல்ல வருவதோ அதற்கு நேர்மாறு. மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 என்ற சத்தின் பெயரை அப்படியே விட்டுவிடப் போகிறேன். தயவுசெய்து அதை யாரும் கிளப்ப வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து, திங்கள் மதியம்

அம்மா, சப்ளிமெண்டுக்கு அப்புறம் வருவோம். 'மீன் எண்ணெய்' என்பதே முதற்பிழை. எள்ளின் நெய் எண்ணெய். மீனுக்குள் எள் எங்கே வந்தது? கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் 'தேனெய்யொடு கிழங்கு மாறியோர் மீனெய்யொடு நறவு மறுகவும்' என்று வருகிறது. தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் அவற்றுக்கு ஈடாக மீனெய்யும் கள்ளும் வாங்கிப் போகிறார்கள். நற்றிணை 175இல் பரதவர் கிளிஞ்சலில் மீன் நெய் ஊற்றி விளக்கெரிக்கிறார்கள். பண்டமாற்றிலும் விளக்கிலும் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு எள்ளைப் பிழிவானேன்? மீனெய் என்றே எழுதுங்கள்.

ஒமேகாவைக் கிளப்ப வேண்டாம் என்கிறீர்கள். ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன். அது கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. நமக்குக் கடைசி எழுத்து எது? 'அகர முதல் னகர இறுவாய்' என்று தொல்காப்பியர் முதல் நூற்பாவிலேயே சொல்லிவிட்டார். ஆகவே 'னகரம்-3'.

புதுவயலிலிருந்து, திங்கள் இரவு

ஐயா கோபிக்கக் கூடாது. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறவன். மீனெய் கேட்டு வருபவரை என் கடைப் பையன் பக்கத்து மளிகைக்கடைக்கு அனுப்பிவிடுவான். மண்ணெண்ணெயில் மட்டும் எள் இருந்ததா? வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாவற்றிலும் எள் எப்போதோ செத்துவிட்டது. ஜனங்கள் என்னிடம் கேட்பது 'மீன் மாத்திரை'. பெயர் மறந்தவர்கள் 'கண்ணாடி மாதிரி மஞ்சளா இருக்குமே, அது' என்பார்கள்.

வேறொரு குழப்பம்தான் பெரிது. மீன் ஈரல் எண்ணெய் வேறு, இது வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி நிறைய உண்டு, கர்ப்பிணிகள் இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது. இது மீனின் சதையிலிருந்து எடுப்பது. மீனெய் என்று மொட்டையாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள் டீச்சர். சொல் எதுவானாலும் சரி.

கோட்டையூரிலிருந்து, செவ்வாய்

வேதியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு திருத்தம். ஒமேகா என்பது இங்கே எழுத்தின் பெயராக வரவில்லை, 'வால்முனை' என்ற பொருளில் வருகிறது. கொழுப்பமிலம் என்பது கரி (கார்பன்) அணுக்களின் சங்கிலி. அதன் வால் முனையிலிருந்து எண்ணினால் மூன்றாவது கரியில் முதல் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஆகவே னகரம் பொருந்தாது. 'ஈற்று-3' பொருந்தும். ஈறு (கடைசி), ஈற்றயல் (கடைசிக்கு முந்தியது) எல்லாம் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன. இரட்டைப் பிணைப்புகள் அதிகம் என்பதால்தான் இந்த எண்ணெய் காற்றுப் பட்டதும் சிக்கு வாடை அடிக்கிறது. வாடை வந்த மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டும் என்பதையும் எழுதலாம்.

சப்ளிமெண்டுக்கு என் சொல் 'குறைநிரப்பி'. காரணம் உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வு 2018இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவற்றைச் சேர்த்து எண்ணிப் பார்த்ததில், சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை. மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. அதுவும் உறுதியான முடிவு அல்ல, ஒரு குறிப்புதான். குறை இருந்தால் நிரப்பு, இல்லாவிட்டால் விடு. சொல்லே சிகிச்சையைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

பள்ளத்தூரிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, ஈற்று-3 என்று போட்டால் பல் ஈறு வீங்கினவர்கள் எல்லாரும் முகாமில் வரிசையில் நிற்பார்கள். குறைநிரப்பி அதைவிட மோசம். எங்கள் ஊரில் ஒரு ஆச்சியிடம் போய் 'உங்களுக்குக் குறை இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். 'எனக்கென்ன குறை, நாலு பிள்ளை, ஏழு பேரன் பேத்தி' என்று வாசலோடு அனுப்பிவிடுவார்.

நீங்கள் எல்லாரும் சொல்லைச் சுரண்டுகிறீர்கள், மீனை யாரும் பேசக் காணோம். எந்த மீன் என்று எழுதினீர்களா? எங்கள் வீட்டில் விருந்தென்றால் வஞ்சிரம், கொடுவா. கோடையில் கண்மாய் வற்றினால் விரால், கெண்டை. மத்தியை மட்டும் நடுவாசலில் கொண்டுவரக் கூடாது, மலிவு மீனாம், கௌரவம் போய்விடுமாம். மருமகள் மாதாமாதம் மாத்திரை டப்பா வாங்குகிறாள். அந்தக் காசுக்குத் தொண்டியிலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் எத்தனை கிலோ வாங்கலாம்! டாக்டர் சொல்கிற கொழுப்பு அதில்தான் அதிகமாமே. கண்மாய் மீனில் அவ்வளவு கிடையாதாம். மண்சட்டியில் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்போடு நின்றுவிடும். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் சட்டியோடு போய்விடும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கோட்டையூரிலிருந்து, புதன்

ஆச்சி சொல்வது சரி. மலையாளத்தில் கொழுப்பேறிய மத்திக்கு நெய்மத்தி என்றே பெயர். (தேவகோட்டை ஐயாவுக்கு இது லட்டு மாதிரி இருக்கும்.) கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1000 மில்லிகிராம் என்று டப்பாவில் எழுதிய சாதாரண மாத்திரையில் வேண்டிய இரண்டு ஒமேகா-3 அமிலங்களும் (ஈபிஏ, டிஎச்ஏ) சேர்ந்து 300 மில்லிகிராம்தான், மீதி வேறு கொழுப்பு. அமெரிக்க இதயச் சங்கம் பொதுவாகச் சொல்வது வாரம் இரண்டு முறை மீன். மாத்திரையை எல்லாருக்கும் சொல்லவில்லை. குறைநிரப்பியை விட்டுத்தர மனமில்லை. ஆனால் அந்த வாசல் ஆச்சிக்குப் பயப்படுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து, புதன் இரவு

நெய்மத்தி! நான் சொன்னபோது சிரித்தீர்கள். ஈற்று-3ஐ ஏற்கிறேன், னகரத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எல்லாரும் கேள்வி கேட்காமல் 'மாத்திரை' என்கிறீர்களே. மாத்திரை என்பது எழுத்தொலிக்கும் கால அளவு, கண்ணிமைக்கும் நேரம். அளவு என்ற பொருளிலிருந்து மருந்தின் அளவாகி, பிறகு உருண்டையே மாத்திரை ஆயிற்று. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பதற்காக வடமொழி மாத்ரா தமிழாகிவிடாது. இந்தப் பொருளோ உள்ளே திரவம் வைத்த மென்கூடு. 'நெய்க்குமிழ்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது.

புதுவயலிலிருந்து, புதன் இரவு

வழுக்குகிறது ஐயா. கடையில் யாருக்கும் பிடிபடாது.

காரைக்குடியிலிருந்து, வியாழன் நள்ளிரவு

எனக்குத் தூக்கம் வருகிறது. கணக்கெடுத்துவிட்டேன். 'மீன் எண்ணெய் மாத்திரை'க்கு மூன்று பேர், என்னையும் சேர்த்து. சப்ளிமெண்ட் என்று பொதுவாக வரும் இடங்களில் 'துணைச்சத்து'. அது யாருக்கும் பிடித்த சொல் அல்ல, யாரும் அடிக்க வரவில்லை என்பதே அதன் தகுதி. உணவு முன்னால், இது துணைக்கு என்றாவது புரியும். ஒமேகா-3 அப்படியே இருக்கும். குறைநிரப்பியை உள்ளே ஒரே ஒரு இடத்தில், 'மீன் அறவே சாப்பிடாதவர்களுக்கு' என்ற பத்தியில் வைத்திருக்கிறேன், கோட்டையூருக்காக. மத்தி, கானாங்கெளுத்தி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன, பெரிய எழுத்தில். புதுவயல் அண்ணன் சொன்ன எச்சரிக்கை கட்டம் கட்டிப் போட்டாயிற்று. காலையில் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன். இனிமேல் மாற்றம் இல்லை.

தேவகோட்டையிலிருந்து, வெள்ளி அதிகாலை

என் எதிர்வாக்கு பதிவாகட்டும்: மீனெய். மறுபதிப்பு வராமலா போகும்? பிறகு, துணைச்சத்தில் உள்ள 'சத்து' எந்த மொழி என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதைப் பற்றித் திங்கட்கிழமை விரிவாக எழுதுகிறேன்.