அப்பர்டியம்: டிக்ஷனரிய ட்ரிம் பண்ணாம விட்டா என்ன ஆயிடும்?

கயல்07:
அப்பர்டியம்ங்கற மொழிபெயர்ப்பு மென்பொருள்ல ஸ்பானிஷ்-அரகோனீஸ் மொழி ஜோடிய நோண்டிட்டு இருக்கேன். ஸ்பானிஷ் டிக்ஷனரி ரொம்ப பெருசு, கட்டலான் ஜோடிக்கும் அதேதான் போகுது. இருமொழி டிக்ஷனரி அந்த அளவுக்கு இல்ல, அதனால கம்பைல் பண்ணும்போதே எல்டி-ட்ரிம்ங்கற ப்ரோக்ராம் வந்து அதுல இல்லாத ஸ்பானிஷ் வார்த்தை எல்லாத்தையும் வெட்டித் தள்ளிடுது. யாரோ உக்காந்து சேத்ததெல்லாம் வீணா? வெட்டாம விட்டா என்ன குடியா முழுகிடும்?

கம்பைலர்_கந்தன்:
முழுகும். ஒரு தடவை ட்ரிம் இல்லாம ஓட்டிப் பாருங்க, திரும்பின பக்கமெல்லாம் @ (மொழிபெயர்ப்பு கிடைக்கலங்கற குறி) தான். காந்தாபாமோஸ்னு (பாடிக்கிட்டிருந்தோம்) ஒரு வினை வருதுன்னு வைங்க, அனலைசர் (சொல்ல அலசற பகுதி) அத காந்தார்னு மூலச்சொல்லாவும் டேகாவும் (காலம், பால் மாதிரி இலக்கணக் குறி) பிரிச்சுடும், அடுத்து இருமொழி டிக்ஷனரில காந்தார் இல்லன்னா கடைசில @காந்தார்னு மொட்டையா வந்து நிக்கும், காலமும் போச்சு யாரு பாடினாங்கறதும் போச்சு. ட்ரிம் பண்ணியிருந்தா அனலைசரே தெரியாத வார்த்தைன்னு * போட்டு காந்தாபாமோஸ அப்படியே விட்டுரும். ஒட்டின மொழிகள்தானே, படிக்கறவன் ஊகிச்சுக்குவான்.

கூட்டுச்சொல்லு இன்னும் மோசம். ஃபின் தெ செமானா (வார இறுதி) ஒரே வார்த்தையா ஸ்பானிஷ் பக்கம் இருந்து, இருமொழி பக்கம் இல்லன்னா, நீளமானதத்தான் பிடிப்பேன்னு அனலைசர் அப்படியே பிடிச்சு மொத்தத்துக்கும் @ போட்டுடும். வெட்டிட்டா தனித்தனியா மூணு வார்த்தையா போகும், கட்டலான்ல அழகா இல்லாட்டியும் அர்த்தம் வந்துடும்.

கயல்07:
சரி, கூட்டுச்சொல்ல ஒத்துக்கறேன். இப்ப இதுக்கு பதில் சொல்லுங்க. வினோன்னா ஒயின், வந்தான்னும் அர்த்தம். ஒயின்ங்கற பெயர்ச்சொல்லு மட்டும் இருமொழி டிக்ஷனரில விட்டுப்போச்சுன்னு வைங்க. ட்ரிம் அந்த அலசல வெட்டிடும், மிச்சம் இருக்கறது வினை மட்டும், ஒயின் விலை ஜாஸ்தின்னு எழுதினா 'வந்தான் விலை ஜாஸ்தி'ன்னு வரும், ஒரு குறியும் இருக்காது! @ வந்தாலாவது இங்க ஏதோ ஓட்டைன்னு தெரியும். இது தைரியமா பொய் சொல்லுது.

அப்புறம் பெயருக்கும் ஆர்ட்டிகிளுக்கும் நடுவுல ஒரு பெயரடை வெட்டுப்பட்டா, டிரான்ஸ்ஃபர் ரூலுக்கு (வாக்கிய அமைப்ப அடுத்த மொழிக்கு மாத்தற விதி) அது பெயரடைன்னே தெரியாது, பேட்டர்ன் பொருந்தாது, ஆண்பால் பெண்பால் இணக்கம் மொத்தமா கலைஞ்சுடும். மொழிபெயர்ப்பு தெரியாதுங்கறதுக்காக அது என்ன வகைச் சொல்லுங்கறதையும் மறக்கணுமா?

சும்மா_ஒருத்தன்:
பாப்கார்னோட உக்காந்தாச்சு.

வடகாற்று:
ரெண்டு பேரும் வெட்டு எப்படி விழுதுன்னு பாக்கலையே. எல்டி-ட்ரிம் அனலைசரோட அவுட்புட் பக்கத்தையும் இருமொழி டிக்ஷனரியோட இன்புட் பக்கத்தையும் ஒரே நேரத்துல நிலை நிலையா நடந்து பாக்குது, ரெண்டுலயும் பாதை இருந்தாத்தான் வெச்சுக்கும். இருமொழி பக்கம் பாதி டேகோட நிறுத்தியிருப்போம்ல, அதுக்குப் பின்னாடி எந்த டேக் வந்தாலும் சரின்னு விட்டுடும். + (ஒட்டின பாகங்களுக்கு நடுவுல வர்ற குறி) வந்தா ஆரம்பத்துக்குத் திரும்பிப் போய் அடுத்த பாகத்த தேடும். இங்கதான் வம்பு: இருமொழி பக்கம் ஒரு பெயர ஆண்பால்னு டேக் போட்டு வெச்சிருக்கீங்க, ஸ்பானிஷ் பக்கம் வேற ஜோடிக்காரர் யாரோ அத ரெண்டு பாலுக்கும் பொதுன்னு மாத்தினா, உங்க ஜோடில அந்த வார்த்தை சத்தமில்லாம காணாமப் போகும். எரர்கூட வராது. ட்ரிம் வேணும்னு சொல்றவங்க முதல்ல இத கண்டுபிடிக்க ஒரு செக் எழுதுங்கப்பா.

கம்பைலர்_கந்தன்:
செக் எழுதலாம், தப்பில்ல. ஆனா வினோவுக்கு மருந்து ஒரு வரி, டிக்ஷனரில சேத்தா முடிஞ்சுது. ஸ்பெயின்ல, அலிகான்டேல அப்பர்டியம் ஆரம்பிச்ச காலத்துல ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி காப்பி, மூணு டிக்ஷனரியையும் (ரெண்டு மொழிக்கும் ஒவ்வொண்ணு, இருமொழி ஒண்ணு) கையாலயே சமமா வெச்சுக்கணும், ஒரு காப்பில திருத்தினது இன்னொண்ணுக்குப் போகாது. டிக்ஷனரிய பொதுவாக்கினதே ட்ரிம் இருக்கற தைரியத்துலதான். வடக்கு சாமி (வட ஐரோப்பிய மொழி ஒண்ணு)-நார்வீஜியன் ஜோடிய பாருங்க, அனலைசர் ஸ்பெல்செக்கருக்கும் சேத்து கட்டினது, அதுல இருக்கற எல்லாத்துக்கும் யாரு மொழிபெயர்ப்பு எழுதறது?

கயல்07:
எழுதச் சொல்லல ப்ரோ. டேகர் (பல அலசல்ல எது சரின்னு முடிவு பண்ற பகுதி) தாண்டினதும் வாக்கியத்துல வந்த வடிவத்த தூக்கிப் போடறோம், அதனாலதான் @காந்தார் வருது. அந்த வடிவத்த கடைசி வரைக்கும் கூடவே கொண்டு போனா, மொழிபெயர்ப்பு இல்லாத இடத்துல காந்தாபாமோஸ்னே போட்டுக்கலாம், ரூலுக்கும் வகை தெரியும். டேகரும் ஸ்பானிஷ் பேக்கேஜ்ல ட்ரெயின் பண்ணதுதானே, ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு மாதிரி வெட்டினா அது பாத்துப் பழகின குழப்பம் ஒண்ணு, இங்க வர்றது வேற ஒண்ணு.

கம்பைலர்_கந்தன்:
கொண்டு போகலாம், ஆனா டிரான்ஸ்ஃபர்ல ரூல் ரெண்டு வார்த்தைய ஒண்ணாக்கும், ஒண்ண ரெண்டாக்கும், இடம் மாத்தும். அப்ப எந்த வடிவம் எதோட போகும்? ஃபின் தெ செமானா கதைக்கும் இதுல பதில் இல்ல.

வடகாற்று:
கூட்டுச்சொல்ல மட்டும் வெட்டு, தனிச்சொல்ல விட்டுடுன்னு ஒரு ஆப்ஷன் வெச்சா? கயல், உங்க ஜோடில முதல்ல ஒண்ணு பண்ணுங்க, வெட்டினதுக்கு முன்னயும் பின்னயும் அனலைசர்ல இருக்கற வடிவத்த எல்லாம் விரிச்சு எழுதி வித்தியாசத்த எடுங்க, அதுல டேக் பொருந்தாம விழுந்தது எவ்வளவு, நெஜமாவே இல்லாதது எவ்வளவுன்னு பிரிச்சு இங்க போடுங்க.

கயல்07:
மெஷின் பழசு, ஆனா சாயங்காலம் ஓட விடறேன். வினை வடிவத்துக்கே ஃபைல் எங்கயோ போகும்.