செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை: கடற்கரைக்குப் போனவர்கள் எழுதுங்கள்

கடைமடை:

வருடா வருடம் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைகளைச் சுத்தம் செய்கிறார்களே, அதற்கு நம் டெல்டாப் பக்கத்திலிருந்து போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2019, செப்டம்பர் 21, பூம்புகார். புரட்டாசி முதல் சனிக்கிழமை வேறு. "பெருமாளுக்குத் தளிகை போடுகிற நாளில் குப்பை பொறுக்கப் போகிறாயாக்கும்" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா காபி கொடுத்தார். மாயவரத்திலிருந்து வேன் பிடித்து இருபது, இருபத்தைந்து பேர் போனோம். இறங்கியதும் கையுறை, உரச் சாக்கு, ஆளுக்கு ஒரு தாள். சாக்கு சரி, தாள் எதற்கு? பொறுக்குவதை எண்ணி எண்ணிக் கோடு போட வேண்டுமாம். பிஸ்கட், சிப்ஸ் உறை எத்தனை, பாட்டில் மூடி எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை, கயிறு, வலை என்று வரிசையாக. குனிந்து பொறுக்குவதே பெரும்பாடு, இதில் கணக்குப்பிள்ளை வேலை வேறா என்று எனக்கு எரிச்சல்.

அந்த வருடம் மேட்டூர் ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தது. மேலையூர் கடையணையைத் தாண்டிக் காவிரி கடலுக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. புதுத் தண்ணீர் என்றால் தெரியும்தானே, திருவையாறு, கும்பகோணம் என்று வழியெல்லாம் கோடை முழுக்க ஆற்று மணலில் கிடந்ததை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கொட்டும். நான் எடுத்த கவர் ஒன்றில் எங்கள் தெரு மருந்துக்கடையின் பெயர் அழியாமல் இருந்தது. நான் வேனில் வந்தேன், அது ஆற்றில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அன்றைக்கு எங்களை வாட்டியது பிளாஸ்டிக் இல்லை, துணி. ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கழற்றி விட்ட வேட்டி, புடவை எல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்தன. மேலே ஒரு சாண் தெரியும், இழுத்தால் வராது, இரண்டு பேர் காலை ஊன்றி இழுக்க வேண்டும், ஈர மணலோடு பிணம் கனம் கனக்கும். கொடுத்த தாளில் துணிக்கு வரியே இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கீழே 'மற்றவை' என்று இருந்த இடத்தில் 'துணி 41' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அப்புறம் நாங்கள் எல்லோரும் அப்படியே எழுதினோம்.

தாள் விஷயம் பிறகுதான் புரிந்தது. 1986-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் இதை ஆரம்பித்தார்கள், 2,800 பேர் வந்தார்கள். வாருவதோடு விடாமல் எண்ணியும் வைத்தார்கள். கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 கடைசியில் அமலுக்கு வந்தது, அதற்காக அங்கே வாதாடியவர்கள் கையில் இந்தக் கடற்கரைக் கணக்கு இருந்தது. 2019-ன் உலகக் கணக்கு அடுத்த வருடம் வெளியானபோது பார்த்தேன். இத்தனை வருடமும் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டு இறங்கிவிட்டது. தின்பண்ட உறை 47 லட்சம், சிகரெட் துண்டு 42 லட்சம். அந்த 47 லட்சத்தில் என்னுடைய 163 உண்டு என்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். தாள்களை அனுப்பிவிட்டதாகத்தான் ஏற்பாடு செய்தவர் சொன்னார், நம்புகிறேன்.

வலைக்காரர் மகன்:

நாகைக்குத் தெற்கே எங்கள் ஊர். பெயர் வேண்டாம். நீங்கள் வந்து போன கதை சொன்னீர்கள், ஆட்கள் வந்து இறங்கிய கரையின் கதையை நான் சொல்கிறேன்.

எங்கள் கரைக்கும் ஒரு தடவை வந்தார்கள். காலை எட்டரை மணிக்கு, அதாவது மணல் சுடத் தொடங்கிய பிறகு. ஒரே நிறத்தில் பனியன், பேனர், நிறைய போட்டோ. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏலக்கூடத்துப் பக்கம் காயப்போட்டிருந்த தங்கூசி (நைலான் இழை) வலையை ஒரு பையன் குப்பை என்று சாக்கில் திணித்தான், என் சித்தப்பா ஓடிப்போய்ப் பிடுங்கினார். நல்ல வலை, அவர் கடன் வாங்கி வாங்கியது. அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. பதினொரு மணிக்கு அறுபது சாக்கைக் கரையில் அடுக்கிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்கள். டிராக்டர் வரும் என்றார்கள். நான்கு நாள் வரவில்லை. நாய் கிழித்தது பாதி, கடல் ஏற்றத்துத் தண்ணீர் எடுத்துப் போனது மீதி. எண்ணி எழுதின குப்பை திரும்பக் கடலுக்கே போயிற்று, அதை எந்தத் தாளில் எழுதுவீர்கள்?

வெளியூர்க்காரர் வந்து வேலை செய்வதே எங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். சுனாமி முடிந்த வாரம் எங்கள் ஊருக்கு யார் யாரோ வந்தார்கள், மொழி தெரியாதவர்கள் எல்லாம், சொந்தக்காரர்களே தொடப் பயந்ததைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தேதி எதுவும் கிடையாது, அதுதான் எனக்குத் தோன்றுவது.

இன்னொன்று. புரட்டாசியில் ஊரே கவிச்சியை விட்டுவிடும், மீன் விலை படுத்துவிடும், பாதிப் படகு கரையில்தான் நிற்கும். ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கேட்டிருக்கலாமே.

குடவாசல் பக்கம்:

நான் கடலுக்கெல்லாம் போனதில்லை. எங்களுக்கு வாய்க்கால்தான். தாத்தா சொல்வார், மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஊரில் ஒரு நாள் குறிப்பார்கள், ஒரு வேலி நிலத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு, மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தலைப்பிலிருந்து வெட்டிக்கொண்டே போவார்கள், நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம் வெட்டினார்கள் என்பதையும் அவரே சொல்வார். குடிமராமத்து என்று பெயர் வைத்துப் பெருமையாகப் பேசுகிறோம், ஆனால் 1858-ல் வெள்ளைக்காரன் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட வேண்டியிருந்தது. எல்லோரும் மனம் உவந்து வரிசையில் நின்றிருந்தால் சட்டம் எதற்கு? 2017-ல் அதே பெயரில் அரசுப் பணத்தோடு திரும்ப வந்தது, பொக்லைன் வந்தது, ஆள் போய்விட்டது.

போன வருடம் எங்கள் தெருப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். தண்ணீர் ஓடியது. ஒரு மாதத்தில் திரும்ப மூடிக்கொண்டது. திரும்ப இழுத்தார்கள், இந்த முறை பாதிப் பேர். உள்ளதைச் சொல்கிறேன், குறை சொல்லவில்லை.

தாலினில் ஒரு தஞ்சாவூரான்:

வேலைக்காக எஸ்தோனியாவில் இருக்கிறேன். இன்னொரு சுத்தப்படுத்தும் நாள் இங்கேதான் பிறந்தது. 2008 மே 3, ஒரே நாளில் 50,000 பேர் காட்டில் கொட்டிக் கிடந்த 10,000 டன் குப்பையை எடுத்தார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே 13 லட்சம்தான், நம் தஞ்சாவூர் மாவட்டத்தைவிடக் குறைவு. 2018-ல் அது உலக நாளாகி 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது, அந்த வருடம் நானும் போனேன். இப்போது செப்டம்பர் 20 என்று ஐ.நா.வே அறிவித்துவிட்டது.

வலைக்காரர் மகன் சொன்ன டிராக்டருக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2008-ல் இங்கே முதல் வேலையே குப்பை எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று தேடி வரைபடத்தில் குறிப்பதாகத்தான் இருந்ததாம், பொறுக்கும் நாள் அதற்கு அப்புறம். எத்தனை லாரி, எங்கே கொட்டுவது என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். நான் போன அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இரண்டு டயரும் ஒரு பழைய சோபாவும். குளிரில் கை விறைத்ததுதான் மிச்சம்.

கடைமடை:

@வலைக்காரர் மகன், படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நாங்கள் பொறுக்கிய சாக்கு எங்கே போனது என்று நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. இந்த வருடம் உங்கள் கரைக்கு வரலாமா? போட்டோ எடுக்க மாட்டோம் என்று சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டு எடுப்போம்.

வலைக்காரர் மகன்:

வாங்க. முதலில் பஞ்சாயத்தாரை வந்து பாருங்கள், நான் கூட வருகிறேன். ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும், எட்டரைக்கு வேலை முடிய வேண்டும். டிராக்டர் சித்தப்பா மச்சானுடையது, டீசல் நீங்கள் போடுங்கள். கிழிந்த வலை எது, காயப்போட்ட வலை எது என்று நாங்கள் காட்டுகிறோம். முகத்துவாரத்தில் முள்ளில் மாட்டிக் கிடக்கும் அறுந்த வலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும்போது அதில்தான் சிக்கும். அதற்குப் படகு வேண்டும், இருக்கிறது. நீச்சல் தெரிந்த ஆள் உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.