பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்: குறைமாதக் குழந்தை பெற்ற மும்பைத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

செம்பூர், 29 வாரத்தில் பிறந்த மகளின் தாய்:

குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டாரிடம் எல்லோரும் டாக்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார்? அவர் உங்களுக்கு என்ன செய்தார்? முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாய்த்தவர் கல்யாணிலிருந்து வந்துபோன ஒரு மராத்திப் பெண். அவருடைய மகன் என் மகளுக்குச் சில வாரங்கள் முன்பே உள்ளே போனவன். என் இந்தி சுமார்தான், அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. இன்குபேட்டர் அருகே நான் மானிட்டரையே வெறித்துக்கொண்டு நிற்பேன். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைக் காட்டும் எண் 90க்குக் கீழே இறங்கினால் என் உயிரும் கூடவே இறங்கும். முதலில் குழந்தையின் நிறத்தைப் பார், மார்பு ஏறி இறங்குகிறதா பார், பாதத்தில் சுற்றிய சென்சார் நழுவியிருக்கிறதா பார், கடைசியில் எண்ணைப் பார் என்று வரிசை சொல்லித் தந்தவர் அவர். மானிட்டரின் பல அலறல்கள் சென்சார் நழுவியதால் வருபவை. சில அலறல்கள், குழந்தை நிஜமாகவே மூச்சுவிட மறந்துபோவதால் வருபவை. மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. சிஸ்டர் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். மூச்சு அப்படி மறந்துபோகாமல் இருக்கத்தான் கஃபீன் மருந்து கொடுக்கிறார்கள். இதையே டாக்டரும் எனக்குச் சொல்லியிருந்தார், காதில் ஏறவில்லை. அந்த அம்மாள் சொன்னபோது ஏறியது. அவருடைய பையனுக்கு அதே மருந்தைக் கொடுத்து, நிறுத்தியும் விட்டிருந்தார்கள்.

ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் என்ன என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். கூட்டினால் கண்ணுக்கு ஆகாது, அதனால்தான் 90க்கும் 95க்கும் இடையிலேயே பிடித்து வைக்கிறார்கள் என்றார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

என் மகளைப் பற்றி அவர் ஒரு நாளும் ஆரூடம் சொன்னதில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்ற சொல்லே அவர் வாயில் வராது. சாப்பிட்டாயா என்பார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது எத்தனை மணிக்கு, அப்போது எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பார். அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த அத்தனை ஆறுதல்களையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த "சாப்பிட்டாயா"தான் கனமாக இருக்கும்.

தாராவி, 32 வாரத்தில் பிறந்த மகனின் தகப்பன்:

அப்பாக்களுக்கு அங்கே நாற்காலியே கிடையாது, முதலில் அதை எழுதுங்கள். மருந்து வாங்கு, ரத்தம் கொண்டு வா, கையெழுத்துப் போடு, வெளியே நில். எங்கள் சங்கம் கூடியது எதிரே இருந்த டீக்கடையில்.

அங்கே ஜவுன்பூர்க்கார டாக்ஸி ஓட்டுநர் ஒருவர். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து வார்டைவிட்டு எழ முடியாமல் கிடந்தபோது, குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்ள ஆளில்லை என்று புலம்பினேன். "உனக்கு நெஞ்சு இல்லையா?" என்றார். கங்காரு முறையைத் தாய் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரே சிஸ்டரிடம் அழைத்துப் போய்ப் பேசினார். சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததும் டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பையனை என் மார்போடு வைத்துத் துணியால் கட்டினார்கள். நெஞ்சில் முடி இருக்கிறதே என்று கேட்டேன். மௌசி (வார்டு ஆயாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழந்தை விழித்துக்கொண்டது.

இது ஏழைகளுக்கான மட்டமான வைத்தியம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. தொடங்கியது அப்படித்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் கண்டுபிடித்த வழி. ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் இருந்தது. நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, எடை குறைந்த குழந்தைகளின் மரணம் கால் பங்கு குறைந்தது. அதன் பிறகு, 2022-இல், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லிவிட்டது உலக சுகாதார நிறுவனம். இதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் அவரே சட்டையைக் கழற்றத் தயாராக வந்து நின்றார்.

மாட்டுங்கா, பாட்டி:

என் பெண்ணுக்கு வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முன்பே குழந்தை வந்துவிட்டது, எட்டாம் மாதத்தில். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டல்லவா? வெளியே சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த குஜராத்திப் பாட்டி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கேட்டுவிட்டாள். அவர்கள் ஊரிலும் இதே பேச்சாம்! இரண்டு கிழவிகளும் சேர்ந்து போய் ஜூனியர் டாக்டரம்மாவைக் கேட்டோம். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், ஏழைவிட எட்டு நல்லது என்று அடித்துச் சொன்னாள்.

தொலைபேசியைச் சமாளிக்கவும் குஜராத்திப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தாள். எத்தனை கிலோ, யார் ஜாடை, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பவர்களுக்கெல்லாம் "வீட்டுக்கு வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்" என்று சொல்லி வைத்துவிட வேண்டியது. என் நாத்தனாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இருக்கட்டும்.

டோம்பிவிலி, 30 வாரத்தில் பிறந்த மகனின் தாய்:

என் பிரச்சினை பால். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடு இரவிலும், பீய்ச்சச் சொன்னார்கள். நாலு சொட்டு வரும். அடுத்த கட்டில்காரிக்குக் கிண்ணம் வழியும். எனக்கு அவள்மேல் பொறாமை, வெளிப்படையாகவே சொல்கிறேன். அவளோ தன் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, உன் பையனுக்குக் கொடு என்றாள். சிஸ்டர் பார்த்துவிட்டுத் தடுத்தார். ஒருவர் பாலை இன்னொருவர் குழந்தைக்கு நேராகக் கொடுக்கக் கூடாது, தொற்று போய்விடும். தாய்ப்பால் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவது, பிறகு கிருமிப் பரிசோதனை, இவ்வளவும் உண்டு. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி நம் சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கியது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஸ்டேஷன் வழியாக எத்தனை வருஷம் போய்வந்திருக்கிறேன்!

அவள் முறைப்படி தானம் கொடுத்தாள். எனக்குச் செய்த உதவி வேறு: நான் பீய்ச்சும் நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிய கதைகளைச் சொல்வாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது பால் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. டிஸ்சார்ஜ் ஆகி நான் வீட்டிலிருந்து வந்துபோன நாட்களில், மழையில் குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கி லோக்கல் நின்றுவிட்டால், அவள் சிஸ்டரிடம் கேட்டு என் பையனின் செய்தியை அனுப்புவாள். "இன்று 12 மில்லி, வாந்தி இல்லை." இந்த ஒரு வரிக்காக மணிக்கணக்கில் தாணே பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முலுந்து, இரட்டையரில் ஒருவனை இழந்த தாய்:

இதைப் படித்துவிட்டு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் ஒரு மகன் போன மறுநாள், இன்னொருவனைப் பார்க்க அதே வாசலுக்குப் போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களோ, என்ன சொல்வதென்று தெரியவில்லையோ, நான் குறை சொல்லவில்லை. "ஒன்றாவது இருக்கிறதே" என்று சொன்னவர்களைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஒருத்தி மட்டும் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பில் கட்டும் வரிசையில் எனக்குப் பதில் நின்றாள். ஆஸ்பத்திரியில் ஏதோ காகிதம் கேட்டபோது, என் கணவர் மயானத்துக்குப் போயிருந்த நேரம் அது, கவுன்டரில் இருந்தவரிடம் அவளே சண்டை போட்டாள். அவளுடைய மகள் தேறிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை என்னிடம் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்து மும்பையில் வேலை பார்க்கும் செவிலியர்:

பெற்றோர் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது எங்களுக்கும் பெரிய உதவி. சில விஷயங்களில் மட்டும் மனம் கசக்கிறது. "என் பிள்ளை இதே வாரத்தில் ஒன்றரைக் கிலோ இருந்தான்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அழுதுகொண்டு எங்களிடம் வருவார். முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும், ஒன்றை வைத்து ஒன்றை அளக்க முடியாது. அடுத்தவர் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தின் படத்தைப் பகிர்வதையும் விட்டுவிடுங்கள்.

பகிர வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பகிர்வதில்லை. கண் பரிசோதனைத் தேதி. 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் 4 வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு பிறந்திருந்தால் 2, 3 வாரத்திலேயே. அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால், வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் இதைத் தவறவிடுகிறார்கள். விழித்திரைக் கோளாறு முற்றிய பிறகு வந்தால் பார்வையைக் காப்பாற்றுவது கஷ்டம்.

தாராவி, தகப்பன்:

சிஸ்டர் சொல்வது சரி. எனக்கு அந்தத் தேதியை இரண்டு முறை போன் செய்து நினைவூட்டியது ஜவுன்பூர்க்காரர்தான். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: சொட்டு மருந்து விட்டபின் கண்பாப்பா விரியவே நெடுநேரம் ஆகும், காலையிலேயே போய்விடுங்கள். பரிசோதனைக்குச் சற்று முன்பு பால் கொடுத்தால் வாந்தி எடுக்கலாம், எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை கத்தும், நீங்கள் பயந்துவிடுவீர்கள். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள்.