இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் பிசிறு: ஊசியா, தட்டா?

மஞ்சக்குப்பம் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். அப்பா சேர்த்து வைத்திருந்த நாற்பது எல்.பி. தட்டுகளை (வினைல் இசைத்தட்டுகள்) கேட்பதற்காக, ஆறு மாதங்களுக்கு முன்பு பழைய டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றி ஒலிக்கச் செய்யும் கருவி) ஒன்றை வாங்கி, ஊசியைத் தாங்கும் சிறு பாகமான கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்கி நானே பொருத்தினேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு மூன்று பாடல்கள் தெளிவாக ஒலிக்கின்றன. ஊசி நடு லேபிளை நெருங்க நெருங்கக் குரலில் பிசிறு தட்டத் தொடங்குகிறது. 'ச', 'ஸ' வரும் சொற்களெல்லாம் தகரத்தில் மணலைக் கொட்டியதுபோலச் சீறுகின்றன. வலப்பக்க ஸ்பீக்கரில் இது கூடுதலாகக் கேட்கிறது.

தட்டுகள் தேய்ந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் ஊசியின் அழுத்தத்தை 1.5 கிராமாகவே வைத்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜுடன் வந்த தாளில் 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று அச்சிட்டிருக்கிறது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது, ஓடு பறந்த அறையில் இருந்த சில தட்டுகள் நனைந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நனையாத தட்டுகளிலும் இதே குறை இருக்கிறது. பழைய தட்டு விற்பவர் ஒருவர், டர்ன்டேபிளையே மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாஸ்பேட்டை நண்பர்:

டர்ன்டேபிளை மாற்ற வேண்டாம், ஐயா. பிசிறு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னதே பாதி விடை. ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் முன்பெருக்கியில் (போனோ ப்ரீஆம்ப்) கோளாறு என்றால் முதல் பாட்டிலிருந்தே கரகரக்கும். டர்ன்டேபிளுக்குள்ளேயே போனோ ப்ரீஆம்ப் இருப்பதை அறியாமல், அதை ஆம்ப்ளிஃபையரின் போனோ துளையில் செருகுபவர்களுக்கு அப்படித்தான் நேரும். உங்களுடையது உள்வட்டத்துக்கே உரிய குறை.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசியின் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளத் தடம் (ஒலி பதிந்த நெளிவான பள்ளம்) ஓடுகிறது என்றால், கடைசிப் பாட்டின் முடிவில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் பரந்து கிடக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருங்கிவிடும். உருண்டை முனை ஊசியின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். அவ்வளவு பருமனான முனை அந்த நெளிவுக்குள் இறங்க முடியாமல் மேலோடு உராய்ந்து செல்வதைத்தான் நீங்கள் 'ஸ' என்ற சீறலாகக் கேட்கிறீர்கள். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் பொதுவாக 8 மைக்ரான் அளவில் இருப்பதால் அது இன்னும் ஆழமாகப் பதிந்து செல்லும். உங்கள் ஊசி எந்த வகை என்று தாளில் பாருங்கள்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த எண்ணத்தால் பாழான தட்டுகள் என்னிடமே உள்ளன. அழுத்தம் போதாத ஊசி உரத்த இடங்களில் தடத்தின் சுவரை விட்டு எழும்பி, மீண்டும் வந்து மோதுகிறது. வைரமுனை வினைலில் மோதினால் விழும் வடு நிலையானது. இன்றே 2 கிராமுக்கு ஏற்றுங்கள். அதற்கான சிறிய தராசு அதிக விலையில்லை.

முத்தியால்பேட்டை வாசகர்:

வலப்பக்கம் கூடுதலாகச் சீறுவதை மேலே யாரும் தொடவில்லை. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை தட்டின் நடுவை நோக்கி இழுபடும்போது ஊசி உட்சுவரை அழுத்துகிறது, வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. வெளிச்சுவர்தான் வலப்பக்க ஒலி. ஆகவே அந்த இழுப்பை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட் திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; அழுத்தம் 2 கிராம் என்றால் அதையும் 2இல் வைத்துத் தொடங்கலாம்.

அடுத்து, நீங்களே கார்ட்ரிட்ஜைப் பொருத்தியதாகச் சொல்வதால், அது ஹெட்ஷெல்லில் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் பொருந்தும் பகுதி) சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ இருக்கக்கூடும். நடுத்துளையின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் புள்ளிகளும் கோடுகளும் குறித்த அளவுத்தாளை அச்சிட்டு, அந்த இரண்டு இடங்களிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்கின்றனவா என்று சரிபாருங்கள். அச்சிட்டு வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று விட்டுவிட்டால் தாள் சுருங்கி, எல்லா வேலையும் வீணாகும். எனக்கு ஒரு மாதம் அப்படித்தான் போயிற்று.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹெட்ஷெல்லின் நான்கு சிறு முனைகளிலும் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு படியும். என் டர்ன்டேபிளில் ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வந்ததற்கு, கடுகில் கால்வாசிகூட இல்லாத அப்படியொரு பச்சைப் புள்ளிதான் காரணம். அழிரப்பரால் மெல்லத் தேய்த்ததும் சரியாயிற்று.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:

மேலே சொன்ன எல்லாம் சரியே. ஆனாலும் நண்பர் ஓர் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தேய்ந்த ஊசியால் ஆண்டுக்கணக்கில் கேட்கப்பட்ட தட்டில் உள்வட்டச் சுவர்களே சிதைந்திருக்கும். எந்தத் திருத்தமும் அதை மீட்காது. நாற்பது தட்டிலும் பிசிறு என்றால் கருவியைச் சந்தேகியுங்கள். சரிசெய்த பிறகும் இரண்டு மூன்றில் மட்டும் எஞ்சினால் அது தட்டின் காயம்.

நனைந்த தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் உலர்ந்ததும் தடத்துக்குள் உப்பை விட்டுச் செல்லும். அப்பாவின் பெட்டியில் 78 சுற்று அரக்குத் தட்டுகள் இருந்தால் அவற்றின் அருகில் ஆல்கஹாலைக் கொண்டுபோகவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றை எல்.பி. ஊசியிலும் கேட்காதீர்கள், அவற்றின் தடம் மிக அகலமானது.

மஞ்சக்குப்பம் வாசகர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அளவுத்தாளை வைத்துப் பார்த்தபோது கார்ட்ரிட்ஜ் முழுதாக மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. ஆன்டி-ஸ்கேட் பூஜ்யத்தில்தான் இருந்தது. அப்பாவின் பூதக்கண்ணாடியில் ஊசியைப் பார்த்தேன்: முனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு, கொசுவின் கால் அளவுக்கு, ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக ஒரே இழுப்பில் எடுத்தேன். அழுத்தத்தை 2 கிராமாக்கினேன்.

இதுவரை பன்னிரண்டு தட்டுகளைக் கேட்டுவிட்டேன். பதினொன்றில் கடைசிப் பாட்டு முதல் பாட்டைப் போலவே ஒலிக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார். எஞ்சிய ஒன்று, அப்பா அநேகமாக நாள்தோறும் போட்டுக் கேட்ட நாகஸ்வரத் தட்டு. அதில் இரண்டாம் பக்கத்தின் முடிவு இன்னும் சீறுகிறது. என்னுடையது உருண்டை முனை ஊசி. லாஸ்பேட்டை நண்பரிடம் நீள்வட்ட முனை இருக்குமானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டை எடுத்து வந்து ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமா?

லாஸ்பேட்டை நண்பர்:

அவசியம் வாருங்கள். உருண்டை முனை தொட்டுத் தேய்த்த இடத்துக்குச் சற்றுக் கீழே நீள்வட்ட முனை பதியும் என்பதால், சேதமில்லாத சுவர் அங்கே மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. தட்டை நிமிர்த்தி வைத்தபடியே கொண்டுவாருங்கள், காரின் பின் கண்ணாடி வெயிலில் படுக்க வைக்காதீர்கள்.