உதவி தேவை: இணையவழி ஒத்திகையில் சேர்ந்திசை சிதறுகிறது

சுருதிபேதம்:
அரங்கில் நடக்கவிருந்த எங்கள் குழுவின் ஆண்டுவிழாவை இணையவழிக்கு மாற்ற வேண்டிய கட்டாயம். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. உரைக்கும் கேள்வி நேரத்துக்கும் சிக்கலில்லை. பன்னிரண்டு பேர் பாடும் சேர்ந்திசைதான் உயிரை வாங்குகிறது. நேற்று நான் தாளம் போட, ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வந்து விழுந்தார்கள். அவர்களுக்காக வேகத்தைக் குறைத்தேன். அவர்கள் இன்னும் குறைத்தார்கள். கடைசியில் பாட்டு நின்றே போயிற்று. போதாக்குறைக்கு, சுருதிப்பெட்டியின் ஒலி சில வினாடிகளில் மங்கி மறைகிறது. எல்லோருடைய இணைய வேகத்தையும் சோதித்துவிட்டோம், நன்றாகவே இருக்கிறது. வேறு எதை மாற்றுவது?

நடுவரிசை:
வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் இணையுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், அதுவும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும்.

கம்பிவடம்:
நல்ல யோசனைதான், ஆனால் இந்த நோய்க்கு அது மட்டும் போதாது. வேகம் வேறு, தாமதம் வேறு. சாலை அகலமானது என்பதற்காக ஊர் பக்கத்தில் வந்துவிடாது.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் சுமார் 30 மில்லிவினாடி கழித்து உங்களை வந்தடையும். அதற்கு மேல் போனால் சேர்ந்து பாடுவது தடுமாறத் தொடங்கும். காணொளிக் கூட்டத்தில் 100 மில்லிவினாடியைத் தாண்டுவது சாதாரணம். பேச்சுக்கு அது உறைக்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும் என்பதுதான் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பாட்டில் நீங்கள் அவர்களுக்காகக் காத்திருக்கிறீர்கள், அவர்கள் உங்களுக்காக. வேகம் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சுருதிப்பெட்டி கதை வேறு. மாறாமல் நீளும் ஒலியை மின்விசிறி இரைச்சலாக எண்ணிச் செயலி அழிக்கிறது. எந்தச் செயலி என்று நீங்கள் சொல்லவில்லை. ஜூம் என்றால் ஒலி அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்குங்கள். பிறகு ஹெட்ஃபோன் கட்டாயம்.

பழைய_மேடை:
நேரலையில் சேர்ந்திசை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 2010இல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 185 பேரின் இணையச் சேர்ந்திசையை வெளியிட்டபோது அவர்கள் ஒன்றாகப் பாடவே இல்லை. தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்பியதைக் கோத்தார்கள். நீங்கள் சுருதியும் தாளமும் சேர்த்து ஒரு வழிகாட்டிப் பாட்டைப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி அவரவர் பாடிக் கைபேசியில் பதிவுசெய்யட்டும். வழிகாட்டியில் நான்கு எண்ணிக்கை விட்டு ஒரு கைதட்டல் வையுங்கள். அதே நொடியில் அவர்களும் தட்டினால், தொகுக்கும்போது வரிசைப்படுத்த அதுவே அடையாளம்.

சுருதிபேதம்:
விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பதிவைப் போட்டுக் காட்டினால் அது விழாவா? வீட்டில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமே!

பழைய_மேடை:
நானும் முதலில் இப்படித்தான் முறைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் பன்னிரண்டு பேரையும் திரைக்கு அழைத்துப் பேசவிடுங்கள்; தனிப்பாட்டு ஒன்றை நேரலையில் வையுங்கள், அதற்குத் தாமதம் தடையில்லை. அரங்கில் நடக்கும் அத்தனையையும் அப்படியே திரையில் ஏற்ற முயல்வதுதான் வினை.

எங்கள் விழாவில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். திரையைப் பகிர்ந்தபோது ஒலியையும் பகிரும் கட்டத்தில் குறியிட மறந்துவிட்டோம். பார்வையாளர்கள் நான்கு நிமிடம் வாயசைவை மட்டும் பார்த்தார்கள். அரட்டைப் பெட்டியில் அலறியிருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. ஒருவரை அந்த வேலைக்கென்றே உட்காரவையுங்கள். ஜூமின் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கம்பிவடம்:
நேரலையில்தான் பாடுவோம் என்றால் தாமதத்தைக் குறைக்கவென்றே ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பாடுபவர்களின் ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, கேபிள் இணைப்பும் இருந்தால் பலன் தரும். ஒன்பது நாளில் பன்னிரண்டு பேருக்குக் கற்றுக்கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுருதிபேதம்:
ஐந்து நாளுக்குப் பின் எழுதுகிறேன். சுருதி இப்போது மறைவதில்லை. பதினொரு பதிவுகள் கைதட்டலில் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. பன்னிரண்டாமவர் வழிகாட்டியை ஸ்பீக்கரில் வைத்துப் பாடியிருக்கிறார். அவர் குரலுக்குப் பின்னால் என் குரலும் கேட்கிறது. நாளை அவருக்கு மட்டும் மறுபதிவு.