வெளிச்சுவர்ப் புகைபோக்கிக்குள் எஃகு லைனர் இறக்கினால் இழுவை கூடுமா?

வடக்குவெளி கேட்டது:

வணக்கம். ஒன்ராறியோவில் பீட்டர்பரோவுக்கு அருகே நாங்கள் வாங்கிய பழைய பண்ணை வீட்டில், கூடத்து விறகு அடுப்பின் புகை வெளிச்சுவரை ஒட்டிய செங்கல் புகைபோக்கி வழியாகப் போகிறது. அடுப்பின் புகைவாய் 6 அங்குல வட்டம். புகைபோக்கிக்கு உள்ளே இருப்பதோ 8க்கு 12 என்று சொல்லப்படும் சுட்டமண் ஓட்டுக் குழல். இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் விசை, போதவில்லை; அடுப்புக் கதவைத் திறந்தாலே புகை முகத்தில் அடிக்கிறது. தைப்பொங்கல் வாரத்துக் குளிரில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுப்புத் திரவம் வடிந்து வெள்ளைச் சுவரில் கோடு விழுந்தது. புகைபோக்கி துப்புரவு செய்பவர் தூரிகை போட்டுக் கரியை எடுத்தார். ஆனால் பனங்கட்டிப் பாகு காய்ந்ததுபோல் ஓட்டில் பளபளவென்று ஒட்டியிருக்கும் கிரியோசோட்டை (விறகுப் புகையிலிருந்து படியும் தாரை) அவரால் அசைக்க முடியவில்லை. துருப்பிடிக்காத எஃகு லைனர், அதாவது புகைபோக்கிக்குள் செருகும் உட்குழாய், இறக்கினால் இரண்டு தொல்லையும் தீருமா, அதற்குச் சூட்டைக் காக்கும் போர்வை அவசியமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணப்படி:

உங்கள் வீட்டில் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். 6 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். உங்கள் ஓட்டுக் குழலின் பரப்பு அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருக்கும். அகன்ற இடத்துக்கு வந்த புகை வேகத்தை இழக்கிறது. மூன்று பக்கமும் பனிக்காற்று படும் செங்கலில் சூட்டையும் இழக்கிறது. அது சுமார் 120 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறியதும் நீராவியும் தாரும் சுவரில் படியத் தொடங்கும். ஆகவே 6 அங்குல லைனர் சரியான முடிவு. ஆனால் வெளிச்சுவரில் போர்வையில்லாமல் அதை இறக்குவதைப் பாதி வேலை என்றே சொல்வேன்.

வாங்குமுன் அளந்து பாருங்கள். 8க்கு 12 என்பது ஓட்டின் வெளியளவு. உள்ளே குறுகிய பக்கம் 7 அங்குலம்கூட இராது. 6 அங்குலக் குழாயில் அரை அங்குலப் பீங்கான் இழைப் போர்வையையும் அதன்மேல் கம்பிவலையையும் சுற்றினால் 7 அங்குலத்தைத் தாண்டிவிடும். நான் அளக்காமல் கூரைவரை ஏற்றி, முதல் ஓட்டிலேயே சிக்கி, போர்வை கிழிந்து மீண்டும் கீழே இறக்கியவன். அதே பரப்புள்ள நீள்வட்ட லைனர் ஒரு வழி. சுழல்கருவியால் ஓடுகளை உடைத்து எடுப்பது மற்றொன்று. உடைத்தால் வீடெல்லாம் தூசிதான், ஆனால் அந்தப் பளபளப்புப் படிவும் ஓட்டோடு போய்விடும்.

மேப்பிள்காடு:

கணப்படி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் சமையலறைகளில் மீன் பொரிக்கும்போது புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் ஓடும். அது புகைபோக்கிக் காற்றையும் வீட்டுக்குள் இழுக்கும். ஆறிய அடுப்பின் வாயில் ஊதுபத்தியைப் பிடித்து, முதலில் விசிறியை ஓடவிட்டும், பிறகு அதை நிறுத்திச் சன்னலைச் சற்றுத் திறந்தும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

விறகையும் பாருங்கள். புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். காய்ந்தது என்று எனக்கு விற்கப்பட்ட ஓக் 31 காட்டியது. ஈரவிறகை இரவு முழுவதும் காற்றை அடைத்துப் புகையவிட்டால் புது லைனரிலும் தார் படியும்.

வடலி:

அந்தப் படிவு இருக்கும்வரை அடுப்பை மூட்டாதீர்கள்; அது புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கக் காத்திருக்கும் எரிபொருள். அதை அப்படியே விட்டு மேலே லைனர் இறக்குவதும் தவறு. லைனரில் யூஎல்சி எஸ்635 (புகைபோக்கி லைனருக்கான கனடாவின் தரநிலை) முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் வெட் (WETT, விறகு அடுப்பு வேலைக்கான கனடாவின் பயிற்சி அமைப்பு) சான்றிதழ் பெற்றவரிடம் ஆய்வறிக்கை வாங்குங்கள், காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். கட்டட அனுமதி தேவையா என்று நகராட்சியிடம் முன்கூட்டியே கேட்பதும் நல்லது.

வடக்குவெளி:

அனைவருக்கும் நன்றி. குறுகிய பக்கம் ஆறேமுக்கால் அங்குலம்தான். விசிறி ஓடியபோது ஊதுபத்திப் புகை நேராக அறைக்குள் வந்தது. விசிறியை நிறுத்திச் சன்னலைத் திறந்த பிறகும் அது மேலே ஏறவில்லை, தயங்கித் தயங்கி அறைப்பக்கமே சாய்ந்தது. ஓடுகளை உடைப்பதற்கு விலை கேட்டிருக்கிறேன். ஈரமானி நாளை வருகிறது.